ரியர் வீல் டிரைவ் ஸ்போர்ட்ஸ் செடானுக்கு அடுத்த டயர் எது? ரன்ஃப்ளாட்டை விட்டுவிடலாமா?

நேர்க்கோடு

வணக்கம் நண்பர்களே. வண்டி 2014 பிஎம்டபிள்யூ 328ஐ, எஃப்30 (அந்தத் தலைமுறையின் குறியீடு). 18 அங்குல வீல். முன்னால் 225/45, பின்னால் 255/40, நான்கும் ரன்ஃப்ளாட் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்). பின் டயர்களில் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டை) தேய்ந்து, காடிக்குள் இருக்கும் குட்டி மேடு வரை வந்துவிட்டது. முன்னால் இன்னும் 4 மி.மீ. இருக்கிறது.

தினமும் வேலைக்குப் போக வர இதே வண்டிதான். விடுமுறை கிடைத்தால் மலைப்பாதை. ரேஸ் ட்ராக் பக்கம் போவதில்லை. பனி கிடையாது, ஆனால் மழை என்றால் கொட்டித் தீர்க்கும்.

பின்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதுமா, நான்கும் வேண்டுமா? ரன்ஃப்ளாட்டை விட்டுச் சாதாரண டயருக்குப் போகலாமா? நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் போட்டால் வண்டி இன்னும் நன்றாகத் திரும்பும் என்கிறார்களே, உண்மையா? கடைசியாக, எந்த டயர்?

ட்ராக்ஞாயிறு

மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ். அடுத்த கேள்வி?

பின்னச்சு

ட்ராக் தம்பி, நாடி பிடிக்காமலே மருந்துச் சீட்டு எழுதிவிட்டாய்.

நேர்க்கோடு, பெயருக்கு அப்புறம் வருவோம். முதலில் பழைய பின் டயர் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம், நடு, உள்பக்கம் என்று மூன்று இடத்தில் பட்டன் ஆழத்தை அளந்து எழுதுங்கள். உள்விளிம்பைக் கையால் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், அதுவும் வேண்டும்.

நேர்க்கோடு

பார்த்துவிட்டேன் அண்ணா. பின் இடது: வெளியே 3.5, நடுவில் 2.5, உள்ளே 1.6-க்கும் கீழே. பின் வலது: 3.5, 3, 2. முன் டயர்கள் மூன்று இடத்திலும் கிட்டத்தட்ட 4. நான்கிலும் 1119. பின் இடதின் உள்விளிம்பை ஒரு திசையில் தடவினால் வழவழவென்று போகிறது, திருப்பித் தடவினால் கையைக் கீறுகிறது.

பின்னச்சு

அந்தக் கீறலைத்தான் தேடினேன்.

உள்பக்கம் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, திட்டுவார்கள். இந்த மாதிரி வண்டிகளில் பின் சக்கரத்தின் மேல்பகுதி கொஞ்சம் உள்நோக்கிச் சாய்ந்திருப்பது வேண்டுமென்றே வைத்தது. வளைவில் உடல் சாயும்போதும் டயரின் அகலம் முழுக்கத் தரையில் உட்காரத்தான் அந்தச் சாய்வு. அதனால் உள்விளிம்பு கொஞ்சம் கூடுதலாகத் தேயும், ஆனால் வழவழப்பாகத் தேயும். கையில் கீறும்படி ஒவ்வொரு பட்டனும் ஒரு பக்கம் கூராகி நின்றால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் நோக்கும் திசை) கெட்டிருக்கிறது என்று அர்த்தம். சக்கரம் நேர்திசையிலிருந்து கால் டிகிரி திரும்பியிருந்தால்கூட, கிலோமீட்டருக்கு நான்கு மீட்டருக்கு மேல் அந்த டயர் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போகும். எந்த ரப்பரும் அதைத் தாங்காது.

எனவே புது டயர் போட்ட அன்றே நான்கு சக்கர அலைன்மென்ட். முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் ஓகே சார்" என்று அனுப்பும் இடம் வேண்டாம். எஃப்30-இல் பின் டோ, பின் கேம்பர் இரண்டையும் திருத்த வழி இருக்கிறது. மாற்றுவதற்கு முன் எண்கள் என்ன, பின் என்ன என்று அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். இடதும் வலதும் இவ்வளவு வித்தியாசமாகத் தேய்ந்திருப்பதால், ஏதாவது புஷ் (சஸ்பென்ஷன் இணைப்பில் உள்ள ரப்பர்) கிழிந்திருக்கிறதா என்று தூக்கியில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கிழிந்த புஷ்ஷோடு அலைன்மென்ட் செய்வது வீண்.

1119 என்றால் 2019-இன் 11-ஆவது வாரம் செய்தது. முன் டயரில் பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். என் ஓட்டு: நான்கும்.

ஈரச்சாலை

அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்று. ரியர் வீல் டிரைவ் வண்டியில் பின் டயருக்கு இரண்டு வேலை. முன்னால் தள்ளவும் வேண்டும், பக்கவாட்டில் பிடிக்கவும் வேண்டும். தள்ளுவதற்குச் செலவான பிடிப்பு வளைவுக்குக் கிடைக்காது. உங்கள் எஞ்சின் 1,250 ஆர்பிஎம்மிலேயே 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைக் கொட்டுகிற ரகம். நனைந்த ரவுண்டானாவில் இரண்டாம் கியரில் கொஞ்சம் அவசரப்பட்டால், சக்கரம் வழுக்குகிறது என்று சொல்லும் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

காய்ந்த சாலையில் இன்றைக்கு வரும் நல்ல சம்மர் டயர் எதைப் போட்டாலும், சாதாரணமாக ஓட்டுகிறவர் அதன் எல்லையைத் தொடவே மாட்டார். எல்லை தட்டுப்படுவது மழையில். அதனால் தேர்வை மழையிலிருந்து தொடங்குங்கள்.

1.6 மி.மீ. என்பது பல நாடுகளில் சட்டம் விடும் கடைசி எல்லை. மழையில் அதற்கு ரொம்ப முன்னாலேயே டயரின் கதை முடிந்துவிடும். புது டயரில் சுமார் 8 மி.மீ. காடி இருக்கும். தண்ணீரை வெளியே தள்ளுவது அந்த ஆழம்தான். நானாக இருந்தால் 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுவேன்.

ட்ராக்ஞாயிறு

எல்லோரும் மழை மழை என்று பயமுறுத்துகிறீர்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்னால்தான் சாய்கிறது. திருப்புவதும் முன் டயர். இரண்டே டயர் வாங்கக் காசு இருந்தால் புதுசை முன்னால் போடுவதுதானே நியாயம்? (நேர்க்கோடுக்கு இது பொருந்தாது, முன்னும் பின்னும் அளவே வேறு. பொதுவாகக் கேட்கிறேன்.)

ஈரச்சாலை

பொதுவாகவே தப்பு தம்பி. தேங்கிய தண்ணீரில் முன் டயர் மிதந்தால் ஸ்டியரிங் திடீரென்று லேசாகும், வண்டி நேராகப் போகும். காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்பும். பின் டயர் முதலில் மிதந்தால் வண்டி சுழலும். அந்த நேரத்தில் பதறிக் காலை எடுத்தால் இன்னும் வேகமாகச் சுழலும். முதல் வகையை யாரும் சமாளிக்கலாம், இரண்டாவதைச் சமாளிக்கப் பழக்கம் வேண்டும். டயர் கம்பெனிகள் எல்லாம் புது ஜோடியைப் பின்னால் போடச் சொல்வது இதனால்தான். முன்சக்கர வண்டிக்கும் அதே விதி.

கணக்குப்பிள்ளை

மிதப்பு பற்றிப் பேச்சு வந்ததால். விமான டயர்களை வைத்து நாசா கண்ட பழைய சூத்திரம் ஒன்று உண்டு: காற்றழுத்தத்தின் (பிஎஸ்ஐயில்) வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால், டயர் முழுதாக மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வரும். 32 பிஎஸ்ஐக்கு சுமார் 51 நாட், அதாவது மணிக்கு 94 கிலோமீட்டர். கார் டயர் அகலம், காடி, தண்ணீரின் ஆழம் எல்லாம் சேர்ந்தால் கணக்கு மாறும், இதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இரண்டு விஷயம் இதில் தெரிகிறது. ஒன்று, காற்று குறைந்தால் மிதக்கும் வேகமும் குறையும். இரண்டு, இந்தச் சூத்திரத்தில் காடி என்ற சொல்லே இல்லை. தண்ணீர் வெளியேற வழியே இல்லாத டயரின் கதை இது. பட்டன் தேயத் தேய நம் டயர் இந்தக் கணக்கை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அகலமான டயருக்கு இன்னொரு தொந்தரவு: தள்ள வேண்டிய தண்ணீரும் அதிகம். உங்கள் பின் 255 தேய்ந்த நிலையில் முன் 225-ஐ விட முதலில் மிதக்கும். இது அச்சம் கிளப்ப இல்லை, வரிசை தெரிய வேண்டும் என்பதற்காக.

நேர்க்கோடு

சரி, பின் டயரோடு மழையில் வேகமாகப் போவதை இன்றோடு நிறுத்திவிட்டேன். நான்கும் ஒரே அகலம் பற்றி யாராவது சொல்லுங்களேன். 245/40 நான்கு பக்கமும் போட்டால் பழைய வீலிலேயே உட்காரும் என்று படித்தேன்.

கணக்குப்பிள்ளை

உட்காரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். முதல் எண் அகலம் மி.மீ.-யில், இரண்டாவது அதில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது.

225/45 ஆர்18: பக்கச்சுவர் 101.25 மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து 202.5, ரிம் 457.2. மொத்த விட்டம் 659.7.
255/40 ஆர்18: 204 + 457.2 = 661.2.
245/40 ஆர்18: 196 + 457.2 = 653.2.

இப்போது முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் ஒன்றரை மி.மீ. மட்டுமே. ஏபிஎஸ்ஸும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் நான்கு சக்கரமும் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கின்றன. அதனால் தயாரிப்பாளர் இந்த ஜோடியை யோசித்துத்தான் எடுத்திருக்கிறார். 245/40 நான்கிலும் போட்டால் எல்லாம் ஒரே விட்டம், அதில் சிக்கல் இல்லை. மொத்தத்தில் ஒரு சதவீதம் சின்னது, வண்டி மூன்று நான்கு மி.மீ. இறங்கும். அதுவும் பரவாயில்லை.

சிக்கல் வேறு இடத்தில். ஒரே அகலம் போடுவதன் பெரிய லாபமே டயரை முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போடலாம் என்பது. உங்கள் 18 அங்குல வீல்கள் வழக்கமான ஜோடியாக இருந்தால் முன் வீல் 8ஜே ஈடி34, பின் வீல் 8.5ஜே ஈடி47. (ஜே-க்கு முன்னால் இருப்பது வீலின் அகலம் அங்குலத்தில், ஈடி என்பது வீல் மாட்டும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது. வீலின் உள்பக்கத்தில் வார்த்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.) பின் வீலைத் தூக்கி முன்னால் மாட்டினால் அதன் உள்விளிம்பு இப்போதிருப்பதைவிட சுமார் 19 மி.மீ. ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) பக்கம் போய்விடும். அங்கே அவ்வளவு இடம் கிடையாது. ஆக ஒவ்வொரு முறையும் டயரை ரிம்மிலிருந்து கழற்றி, மாற்றிப் பூட்டி, மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும். யார் செய்யப் போகிறார்கள்?

ட்ராக்ஞாயிறு

நான்கு வீலும் 8.5ஜே-யில் வேறு செட் வாங்கினால் அந்தப் பிரச்சினை இல்லை. என் வண்டியில் அப்படித்தான். மூக்கு வளைவுக்குள் போகிற விதமே வேறு. அகலமான பின் டயர் போட்டு அனுப்புவதே ஓட்டுகிறவர் தெரியாமல் வேகமாகப் போனாலும் முன்பக்கம் முதலில் வழுக்கட்டும் என்றுதான். அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டால் வண்டி உயிரோடு இருக்கும்.

பின்னச்சு

உன் வண்டிக்கு அது சரி. ட்ராக்கில் சுழன்றால் புல்வெளி. இவருக்கு மழையில் சுழன்றால் எதிரே லாரி. முன்னால் 20 மி.மீ. கூட்டி, பின்னால் 10 குறைத்தால் சமநிலை பின்பக்கம் வழுக்கும் திசைக்கு நகரும். காய்ந்த மலைப்பாதையில் சுகமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. தினசரி ஓட்டத்துக்கு நான் பழைய அளவையே சொல்வேன்.

ரப்பர்வாசம்

டயர் மாட்டிப் பிழைக்கிறவன் பேசுகிறேன். ரன்ஃப்ளாட் பற்றி.

ரன்ஃப்ளாட் போட்டு வந்த ரிம்மில் சாதாரண டயர் தாராளமாக உட்காரும். கழற்றும்போதுதான் கஷ்டம். பக்கச்சுவர் தடிப்பாக இருப்பதால் மெஷினில் உதவிக் கை இல்லாத இடத்தில் கொடுத்தால் ரிம் விளிம்பில் கீறல் நிச்சயம். மாட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

ரன்ஃப்ளாட் காற்றே இல்லாமல் வழக்கமாக 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் போகும். நடு ராத்திரியில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது லேசான விஷயம் இல்லை. உங்கள் வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. சாதாரண டயருக்கு மாறினால் அடைப்புத் திரவமும் சின்ன கம்ப்ரஸரும் டிக்கியில் இருக்க வேண்டும். ஆணி குத்தினால் அது கைகொடுக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் கொடுக்காது, இழுவை வண்டிதான். இரண்டு நிலைமையையும் மனசுக்குள் வைத்து முடிவெடுங்கள்.

பஞ்சர் விஷயத்தில் சாதாரண டயருக்கு ஒரு நன்மை: நடுப்பகுதியில் 6 மி.மீ. வரை ஓட்டை என்றால் உள்ளிருந்து ஒட்டுப்போட்டு நிம்மதியாக ஓட்டலாம். காற்றில்லாமல் ஓடிய ரன்ஃப்ளாட்டை நான் ஒட்டுவதில்லை. உள்ளே சுவர் எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

வேறொன்று. முன்னால் பழைய ரன்ஃப்ளாட், பின்னால் புதிய சாதாரண டயர் என்று கலக்காதீர்கள். முன்பக்கம் விறைப்பு, பின்பக்கம் இளக்கம். திசை மாற்றும்போது முன்பக்கம் உடனே போகும், பின்பக்கம் அரை நொடி யோசித்துவிட்டு வரும். பின்சக்கர வண்டியில் அது நல்ல உணர்வே இல்லை.

அமைதிவிரும்பி

ரன்ஃப்ளாட்டிலிருந்து மாறியவன் என்ற முறையில்: சாலையின் ஒட்டுகள், சின்னப் பள்ளம், பூனைக்கண் விளக்கு எல்லாம் பாதியாகக் குறைந்தன. பின் சீட்டில் அம்மா தூங்கினார். என் வரையில் அதுவே போதுமான காரணம்.

ஆனால் முதல் வாரம் ஸ்டியரிங் கொஞ்சம் சோம்பலாக இருக்கும். வண்டி கெட்டுப்போய்விட்டது என்று பயப்படாதீர்கள், பழகிவிடும்.

நேர்க்கோடு

ரன்ஃப்ளாட் வேண்டாம், நான்கும் மாற்றுகிறேன், அளவு பழையபடியே. இந்த மூன்றும் முடிவு. இப்போது பெயர் சொல்லுங்கள். 4 எஸ் தவிர கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஸ்போர்ட், ஹான்குக் வென்டஸ் எஸ்1 எவோ3 எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. பக்கச்சுவரில் இருக்கும் தேய்மான எண்ணை (கூடினால் அதிக நாள் உழைக்கும் என்பார்கள்) பார்த்து எடுக்கலாமா?

ட்ராக்ஞாயிறு

தேய்மான எண் 4 எஸ்ஸுக்கு 300. நான் ட்ராக்குக்குப் போடும் பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா நியோவா ஏடி09 எல்லாம் 200. அந்த 200-ஐ நீங்கள் தொடாதீர்கள். சூடேறினால் தார்ச்சாலையில் ஒட்டும், ஆனால் சத்தம், கொட்டுகிற மழையில் மிதப்பு, தேய்மானம் மூன்றும் தினசரி வண்டிக்கு ஆகாது.

கணக்குப்பிள்ளை

அந்த எண்ணை அளவுகோலாக வைக்காதீர்கள். ஒப்பீட்டு டயர் ஒன்றோடு ஓட்டிப் பார்த்துத் தயாரிப்பாளரே தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் அது. ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட உதவும். ஒரு கம்பெனியின் 300-ஐயும் இன்னொன்றின் 340-ஐயும் வைத்துச் சண்டை போடுவதில் பொருளில்லை. பல கம்பெனிகள் பார்த்து அடக்கியே போடும், சில தாராளமாகப் போடும்.

ஐரோப்பிய லேபிளில் ஈரப்பிடிப்பு ஏ முதல் இ வரை இருக்கும் (2021 மே மாதத்திலிருந்து ஐந்தே படிகள்). அதையும் அளவோடு நம்புங்கள். அது புது டயரை நேர்ப்பாதையில் பிரேக் அடித்து அளப்பது. வளைவில் எப்படி, தேங்கிய தண்ணீரில் எப்படி, பாதி தேய்ந்த பின் எப்படி என்று அது சொல்லாது. நீங்கள் கேட்ட டயர்களில் பெரும்பாலானவை அந்தச் சோதனையில் ஏ வாங்குகிறவைதான். அதனால் அது உங்களுக்குத் தேர்வு செய்ய உதவாது, மோசமானதைத் தள்ள மட்டும் உதவும்.

ஈரச்சாலை

என் கருத்து, சண்டைக்குத் தயாராகவே எழுதுகிறேன்.

பொட்டென்சா ஸ்போர்ட்: பக்கச்சுவர் விறைப்பு. ரன்ஃப்ளாட்டிலிருந்து வருகிறவருக்கு ஸ்டியரிங் சோம்பல் தெரியாது. திருப்பினால் உடனே போகும். ஆனால் மெத்தென்ற ஓட்டத்துக்காக ரன்ஃப்ளாட்டை விடுகிறவர் இதை வாங்கினால் பாதி நோக்கம் போச்சு.

ஸ்போர்ட்கான்டாக்ட் 7: காய்ந்ததும் ஈரமும் இரண்டிலும் எனக்குப் பிடித்தது இதுதான். எல்லையைத் தாண்டும்போது கோபப்படாமல் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போகும். ரப்பர் கொஞ்சம் தாராளமாகத் தேயும், முறுக்குவிசை உள்ள வண்டியில் பின்னால் அது தெரியும்.

அசிமெட்ரிக் 6: பிடிப்பில் மேலே சொன்னதைவிட ஒரு முடி குறைவு, ஓட்டத்தில் மென்மை கூடுதல், மழையில் நம்பலாம். தினசரி வண்டி, மலைப்பாதை, மழை என்று நீங்கள் எழுதிய மூன்றையும் வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

வென்டஸ் எஸ்1 எவோ3: பட்ஜெட் இடித்தால் வெட்கப்படாமல் எடுக்கலாம்.

4 எஸ்: குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. 2017-இலிருந்து சந்தையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ட்ராக்ஞாயிறு

"ஒரு முடி குறைவு" என்று நீயே எழுதிவிட்டு அதையே பரிந்துரைக்கிறாய். ஸ்போர்ட்ஸ் செடானை வாங்கிவிட்டு மென்மை தேடுவானேன்? பின் டயருக்கு இரண்டு வேலை என்று சொன்னதும் நீதான். அப்படியானால் அதிகப் பிடிப்பு உள்ளதைத்தானே போடணும்?

ஈரச்சாலை

பிடிப்பின் உச்சியை விட, உச்சிக்குப் பக்கத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் சாலையில் முக்கியம். உச்சி இரண்டு சதவீதம் கூட இருந்து திடீரென்று அறுந்துவிடும் டயரைவிட, கொஞ்சம் குறைவாக இருந்து முன்கூட்டியே நழுவலைக் காட்டுகிற டயர் எனக்குப் போதும். இதில் நீயும் நானும் ஒத்துப்போகப் போவதில்லை, விடு.

அமைதிவிரும்பி

மிஷெலின் பெயர்களில் ஒரு குழப்பம், கடையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பைலட் ஸ்போர்ட் 5 என்பது 4 எஸ்ஸின் அடுத்த தலைமுறை இல்லை. அது எஸ் இல்லாத பைலட் ஸ்போர்ட் 4-க்கு அடுத்தது. 4 எஸ்ஸின் வாரிசு பைலட் ஸ்போர்ட் எஸ் 5. "4 எஸ் இல்லை சார், அதைவிடப் புதுசு 5 இருக்கு" என்று சொன்னால் இதை நினைவில் வையுங்கள். பைலட் ஸ்போர்ட் 5 மோசமான டயர் இல்லை, உங்கள் மாதிரி உபயோகத்துக்கு நன்றாகவே பொருந்தும். வேறு ரகம், அவ்வளவே.

பின்னச்சு

பெயர் எதுவானாலும், அந்த மாடல் உங்கள் இரண்டு அளவிலும் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில மாடல் 225/45-இல் இருக்கும், 255/40-இல் இருக்காது. அல்லது ஒன்றில் நட்சத்திரக் குறி இருக்கும், மற்றதில் இருக்காது. நட்சத்திரம் என்றால் பிஎம்டபிள்யூ தன் வண்டிக்கென்று ஒப்புக்கொண்ட பதிப்பு (மெர்சிடிஸுக்கு எம்ஓ, போர்ஷேவுக்கு என் எழுத்தும் ஓர் எண்ணும்). ஒரே பெயரில் இருந்தாலும் உள்ளே கலவையும் கட்டுமானமும் வேறாக இருக்கலாம். நட்சத்திரம் கட்டாயம் இல்லை. நான்கிலும் இருக்கட்டும், இல்லாவிட்டால் நான்கிலும் வேண்டாம்.

எடைக் குறியீடும் வேகக் குறியீடும் கதவுத் தூணில் ஒட்டியிருப்பதற்குக் கீழே போகக்கூடாது. ஒய் என்றால் 300 கிலோமீட்டர், டபிள்யூ 270. அந்த வேகத்தில் யார் போகிறார்கள் என்று கேட்பீர்கள். உள்கட்டமைப்பும் அதோடு சேர்ந்து மாறுகிறது, அதற்காக.

குளிர்மலை

இடையில் ஒரு கேள்வி. எங்கள் பக்கம் குளிர்காலக் காலைகளில் 3, 4 டிகிரி வரும். இதே சம்மர் டயர்கள் ஆகுமா?

ஈரச்சாலை

7 டிகிரிக்குக் கீழே சம்மர் ரப்பர் இறுகத் தொடங்கும். காலையில் முதல் சில வளைவுகளில் பின்பக்கம் எளிதில் நழுவும், அதை மனதில் வைத்து மெதுவாகப் போனால் எப்போதாவது வரும் 3, 4 டிகிரியைச் சமாளிக்கலாம். மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் ஆல் சீசனோ தனி வின்டர் செட்டோ பாருங்கள். பூஜ்யத்துக்குக் கீழே நன்றாக இறங்கும் இடத்தில் சம்மர் டயரை நகர்த்தவே வேண்டாம், பட்டனில் வெடிப்பு விழும். மைனஸ் 7-ஐ ஒட்டிய குளிரில் மிஷெலினே அப்படி எச்சரிக்கிறது.

நேர்க்கோடு

முடிவு செய்துவிட்டேன். அசிமெட்ரிக் 6, முன்னால் 225/45 95ஒய், பின்னால் 255/40 99ஒய், நான்கும் எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் ரகம்). ட்ராக் நண்பர் மன்னிக்கணும்.

பின் இடது புஷ் ஒன்று கிழிந்திருந்தது, பின்னச்சு அண்ணன் சொன்ன அதே கதை. முன்பு அலைன்மென்ட் பார்த்த இடத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புஷ் மாற்றியபின்தான் டயர்.

கடைசிக் கேள்வி: காற்று எவ்வளவு? கதவுத் தூணில் உள்ளது ரன்ஃப்ளாட் காலத்து எண். எக்ஸ்எல் டயர் என்றால் கூட்டணுமா குறைக்கணுமா? கடையில் எக்ஸ்எல் என்பதால் குறைத்தாலும் தாங்கும் என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை

குறைக்காதீர்கள். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

225/45-இல் சாதாரண ரகம் 91, அதாவது 615 கிலோ. எக்ஸ்எல் 95, அதாவது 690 கிலோ. ஆனால் 615 என்பது 2.5 பார் காற்றில். 690 என்பது 2.9 பார் காற்றில். எக்ஸ்எல் டயரில் 2.5 பார் மட்டும் பிடித்தால் அது தாங்குவதும் ஏறத்தாழ அதே 615-தான். கூடுதல் பலம் கூடுதல் காற்றைப் பிடித்தால்தான் வரும், ரப்பரில் சும்மா வந்துவிடாது.

அதனால் தூணில் உள்ள எண்ணிலிருந்து தொடங்குங்கள். வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, ஓட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். 10 டிகிரி வெப்பம் மாறினால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ மாறும், எனவே பருவம் மாறும்போது மறுபடி பாருங்கள். ஸ்டியரிங் சோம்பல் உறுத்தினால் முன்னால் மட்டும் 1 அல்லது 2 பிஎஸ்ஐ ஏற்றிப் பார்க்கலாம்.

ரப்பர்வாசம்

அசிமெட்ரிக் டயரில் பக்கச்சுவரில் வெளிப்பக்கம் என்று எழுதியிருக்கும் பக்கம் வெளியே தெரிகிறதா என்று கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து பாருங்கள். சிரிக்காதீர்கள், மாற்றி மாட்டி வந்த வண்டிகளை நான் கழற்றியிருக்கிறேன். மாட்டி முடித்ததும் காற்றழுத்த எச்சரிக்கையை மெனுவில் போய் ரீசெட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பழைய டயரின் கணக்கையே வைத்துக்கொண்டு தவறாக விளக்குப் போடும்.

புது ரப்பரின் மேல் வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும். முதல் 300 கிலோமீட்டர் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் பதமாக, மழை என்றால் இன்னும் பதமாக.

ட்ராக்ஞாயிறு

மன்னிப்பு ஏற்கப்படவில்லை. ஆனால் பின் டோ எவ்வளவு வைத்தார்கள் என்று அந்தத் தாளைப் போடுங்கள், பார்க்கணும்.

நேர்க்கோடு

பின் இடது டோ முன்பு அளவுக்கு வெளியே சிவப்பில் இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே எண், பச்சையில், உள்நோக்கிக் கொஞ்சம். கேம்பரைத் தயாரிப்பாளர் தந்த எல்லைக்குள் குறைந்த பக்கமாக வைக்கச் சொன்னேன். படத்தை நாளை ஏற்றுகிறேன்.